வார்னிஷ் வரும்வரை

மணிக்கட்டில் வைத்த புள்ளியைக் காணவில்லை.

காய்ந்து உதிர்ந்திருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மேசை விளக்கைக் கையருகே இழுத்து வைத்துக்கொண்டு தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். பெயிண்ட் காய்ந்தால் ஒரு சின்ன மேடாவது விரலில் தட்ட வேண்டும், அதுவும் இல்லை. அவள் அழகு நிலையம் நடத்துகிறவள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் எத்தனையோ முகங்களுக்குப் பவுண்டேஷன் போட்டுப் பழகிய கை. தாடையோரம் துளி தடவிப் பார்த்து, அது இருக்கும் இடம் தெரியாமல் போனால் அதுதான் அந்த முகத்துக்கான நிறம் என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் அங்கே கண்ணுக்குத்தான் தெரியாமல் போகும். நகத்தால் வழித்தால் கையோடு வந்துவிடும். இதை வழித்தாலும் வரவில்லை.

அந்த இடம் மட்டும் லேசாக மரத்திருந்தது. பல் பிடுங்கிவிட்டு வந்தால் உதடு தடித்துக் கிடக்குமே, அப்படி. சாயங்காலம் முழுக்கக் கையை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மரக்காமல் என்ன செய்யும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதே நிறத்தைப் பொம்மையின் முகத்தில் வைத்தாள். கையில் அத்தனை உயிரோடு இருந்த நிறம், பொம்மையின் கன்னத்தில் மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவராகச் செத்துக் கிடந்தது. "சனியனே" என்று சொல்லித் துடைத்தாள்.

இந்தத் தலைவலிக்கெல்லாம் மூலகாரணம் நாத்தனார். வெளிநாட்டிலிருந்து அண்ணன் மகளுக்கென்று ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். பெட்டிக்குள் ஒரு தெருவே இருந்தது. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பொம்மைகள்: குடை பிடித்த கிழவர், கூடைக்காரி, தபால்காரர், கயிறு வைத்துக் குதிக்கும் சிறுமி, ஒரு நாய். எல்லாம் நிறமில்லாத பிளாஸ்டிக். வர்ணம் நாமே அடித்துக்கொள்ள வேண்டுமாம். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தில் தபால்காரரின் மீசை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. பெயிண்ட் எங்கே என்று போனில் கேட்டதற்கு, "அதெல்லாம் எல்லா இடத்துலயும் கிடைக்கும் அண்ணி" என்றாள் மகராசி. அவளுக்கு எல்லா இடம் என்றால் அவள் குடியிருக்கும் இடம்.

இங்கே கிடைத்தது ஸ்டேஷனரி கடைக்காரரின் போஸ்டர் கலர்தான். டப்பாவைத் திறந்தால் மேலே தண்ணீர், அடியில் களிமண். பிரஷ் என்று அவர் எடுத்துக் கொடுத்ததில் நாலு இழுப்புக்குள் பாதி மயிர் கொட்டிப் போய், மீதி ஆளுக்கொரு திசை பார்த்து நின்றது.

"இதைவிடச் சன்னமா இல்லையா?"

"சின்னப் பசங்க படம் வரையறதுக்கு இதுவே ஜாஸ்திம்மா."

"பசங்களுக்கு இல்லைங்க, எனக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வரும்" என்றார். எதைக் கேட்டாலும் அவருக்கு அது ஒன்றுதான் பதில். எப்போது வரும் என்றால், "சொல்லி வச்சிருக்கேன், வரும்."

அவள் விடுகிற ஆள் இல்லை. நகத்துக்குப் பூப்போடும் பிரஷ்ஷைத் தன் அழகு நிலையத்திலிருந்து கொண்டுவந்தாள். சாப்பாட்டு டப்பாவுக்குள் ஈர ஸ்பாஞ்சை வைத்து, மேலே பட்டர் பேப்பரைப் போர்த்தி, கலர் காயாமல் கலக்க ஒரு தட்டு பண்ணிக்கொண்டாள். கண் வைக்கப் பல்குத்தும் குச்சி. தோல் நிறத்துக்குப் போஸ்டர் கலரோடு தன் பவுண்டேஷனையே கலந்தாள். பெயிண்ட் பிளாஸ்டிக்கில் பிடிக்க முதலில் பிரைமர் அடிக்க வேண்டும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். அவள் புருஷன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்துப் பட்டறையில் கார்களுக்கு அடிக்கும் சாம்பல் நிற பிரைமர் ஒரு கேன் வாங்கி வந்து கொடுத்தார். பொம்மைகளின் மேல் அது உடும்பாகப் பிடித்துக்கொண்டது. பளபளப்பே இல்லாத, வெளிச்சத்தை விழுங்கிவிடுகிற சாம்பல் நிறம். ஊரிலேயே சொன்ன பேச்சைக் கேட்ட சாமான் அது ஒன்றுதான் என்று அவள் புருஷனிடம் பெருமையாகச் சொன்னாள்.

வார்னிஷ் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியாக வார்னிஷ் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விரல் படுகிற இடமெல்லாம் பெயிண்ட் தேய்ந்து உள்ளே இருக்கும் பிரைமர் தெரிந்துவிடும் என்று எல்லா வீடியோவிலும் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஸ்டேஷனரிக்காரர் நாற்காலிக்கு அடிக்கும் வார்னிஷைக் கொடுத்தார். அடித்ததும் கூடைக்காரி மஞ்சள் காமாலைக்காரியாகி, தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. பொம்மைக்கு அடிக்கிற வார்னிஷ் என்று மறுபடி விளக்கினாள். "வரும்" என்றார்.

இதெல்லாம் யாருக்காக? வாலுவுக்காக. வீட்டில் மகளுக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடத்துப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். பெட்டியைப் பிரித்த அன்றே கயிற்றுச் சிறுமியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, இது நான். சரியா? அப்படியே என்னை மாதிரியே பெயிண்ட் அடிக்கணும்."

"உங்கம்மா யாருடி? ஊருக்கே மூஞ்சி போட்டு விடறவ. உன் மூஞ்சி வராதா எனக்கு?"

வாய்க்கொழுப்பு. அந்த வாய்க்கொழுப்பில்தான் அவள் பிள்ளையை விளக்கடியில் உட்கார வைத்தாள். தன் நிறம் வேறு, மகள் நிறம் வேறு. மகளின் நிறத்தை மகள் தோலில்தானே பார்க்க வேண்டும்? முதலில் முழங்கையில் ஒரு புள்ளி. மறைந்தது. பொம்மையில் வைத்தால் செத்தது. கொஞ்சம் வெள்ளை சேர்த்து மூக்கு நுனியில். மறைந்தது. கொஞ்சம் சிவப்பு சேர்த்துக் கன்னத்தில். புருவத்துக்கு மேலே. இமைக்கு அடியில். "கூசுதும்மா" என்று வாலு நெளிந்து சிரித்தாள். எல்லாம் மறைந்தது. எதுவும் பொம்மைக்குப் பொருந்தவில்லை. அடுத்தடுத்த சாயங்காலங்களில் புருஷனையும் பிடித்து உட்கார வைத்து, அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் முட்டிகளிலும் கழுத்திலும் கண்ணோரத்திலும் வைத்துப் பார்த்தாள். "நான் என்ன சுவரா?" என்றார் அவர். கோபமில்லை, அலுப்பு. அவளுக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை நிறம் கலக்கத் தெரிந்த கைக்கு, ஒரு கட்டைவிரல் பொம்மை மசியவில்லையே.

ஒருவழியாகப் பாதி திருப்தியோடு கயிற்றுச் சிறுமியை முடித்துக் கொடுத்தாள். "வார்னிஷ் அடிக்கலை, தொட்டுத் தொட்டு விளையாடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தாள். வாலு கேட்பாளா? சாயங்காலத்துக்குள் பொம்மையின் மூக்கு நுனி தேய்ந்து சாம்பல் தெரிந்தது. முழங்கையும் அப்படியே. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்குப் புருஷன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே முனகிக்கொண்டு வந்தார்.

"உன் பிரைமரு எங்கெங்க ஒட்டியிருக்குன்னு பாரு. கழுவினாலும் போகமாட்டேங்குது."

ஸ்டியரிங்கில் உரசும் விரல் முட்டிகள் நாலும் சாம்பல் நிறமாக இருந்தன. அவள் அவர் கையைப் பிடித்து விளக்கில் பார்த்தாள். சாம்பலுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விளிம்பு இருந்தது. அழுக்கு அப்பினால் அழுக்குதான் தோலுக்கு மேலே இருக்கும். இங்கே தோல் மேலே இருந்தது. சாம்பல் கீழே. அந்த மயிரிழை உயரத்தை அவள் நகம் உணர்ந்தது. பழகிய உயரம். பொம்மைகளில் தினமும் பார்க்கிற உயரம்.

"என்ன அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல. வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. மரத்துப்போன மாதிரி இருக்கு. நாளைக்குப் பட்டறையில தின்னர் வாங்கித் தேய்ச்சுக்கறேன்."

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாடை, சோப்பு வாடை, அதற்கும் அடியில் எங்கிருந்தோ அந்தப் பிரைமரின் புளித்த நெடி. இடது மணிக்கட்டில் தொடங்கிய மரப்பு உள்ளங்கைக்கு இறங்கியிருந்ததை அவள் நாலைந்து நாளாக அறிவாள். அறிந்தும் அதைப் பற்றி நினைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். இப்போது கட்டைவிரல் நகத்தை மணிக்கட்டில் வைத்து அழுத்தி இழுத்தாள். ஒரு சின்னச் செதில் பெயர்ந்து வாஷ்பேசினில் விழுந்தது. ரத்தம் வரவில்லை. வலிக்கவில்லை. செதில் போன இடத்தில் சாம்பல். மழுமழுவென்று, பளபளப்பில்லாத, வெளிச்சத்தை விழுங்குகிற சாம்பல்.

வெளியே வாலு எதற்கோ சிரித்தாள்.

மூக்கு நுனி. கன்னம். முழங்கை. புருவத்துக்கு மேலே. இமைக்கு அடியில். தான் புள்ளி வைத்த இடமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள்.

மறுநாள் காலை வாலு தூங்கும்போது பார்த்தாள். தலையணையில் புரண்ட பக்கத்தில், அவள் புள்ளியே வைக்காத காது மடலின் விளிம்பும் சாம்பல். மூக்கு நுனியில் கடுகளவு. அவள் பதறவில்லை, பதறுவதற்கு நேரமில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷின் மூன்று மயிரை மட்டும் கூராக்கி, காதையும் மூக்கையும் நிரப்பினாள். நிறம் போய் உட்கார்ந்தது. பொம்மையில் ஒரு நாளும் வராத உயிர், பிள்ளையின் மூக்கில் முதல் தடவையே வந்தது. யாருக்கும் தெரியாது. பெற்றவளுக்குத்தான் தெரியும். அந்த நேர்த்தியைப் பார்த்து ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல் இருந்தது.

மேக்கப் கலையாமலிருக்க அடிக்கும் ஸ்பிரேயை அடித்து அனுப்பினாள். அது பள்ளிக்கூடம் விடும்வரை தாங்கியது. சாயங்காலம் வந்தவள் மோவாயெல்லாம் தேய்த்துக்கொண்டு வந்தாள்; டெஸ்கில் மோவாயை வைத்துத்தானே அவள் பாடம் கேட்பது.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது. தோலில் அலர்ஜி என்று சொல்லியனுப்பினாள். முகத்தைத் தொடாதே, கண்ணைக் கசக்காதே, சுவரில் சாயாதே, குப்புறப் படுக்காதே, துண்டால் துடைக்காதே. நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் "வேண்டாம்"தான். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வந்தால் பின்னால் நகர்ந்தாள். சோறு ஊட்டினால் ஸ்பூன் உதட்டில் படாமல் ஊட்டினாள். வாலு முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

ஸ்டேஷனரி கடைக்கு இரண்டு வேளையும் போய் நின்றாள்.

"வார்னிஷ் வந்துச்சா?"

"வரும்மா."

"எப்ப வரும்? எப்பங்க வரும்? தேதி சொல்லுங்க!"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பொம்மைக்கு அடிக்கிறதுக்கா இவ்வளவு அவசரம்?" என்று கடைக்காரர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். இடது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

புருஷன் அன்று முழுக்கைச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். கேட்டதற்குக் காட்டினார். முழங்கைவரை சாம்பல்.

"தின்னர் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்கப் பெருசாகுது. என்னன்னே புரியல."

"தேய்ச்சீங்களா? ஐயோ, ஏங்க தேய்ச்சீங்க! யாரு உங்களைத் தேய்க்கச் சொன்னா?"

"கத்தாதே. தோல் டாக்டர்கிட்டயும் போனேன். ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சு அவரும் தேய்ச்சுப் பார்த்தாரு. ஏதோ சாயம் ஏறியிருக்கு, நல்லா சோப்புப் போட்டுக் குளிங்கன்னாரு."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அவர் விரலால் அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். பிரிட்ஜ் உறுமி நின்றது. உள்ளறையில் வாலு பொம்மைகளை அடுக்கும் சத்தம், டிக், டிக்.

"அவளுக்கும் இருக்கா?" என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்றாவது அவர் சொல்லியிருக்கலாம். சண்டை போடவாவது முடிந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் பெரிய ஊருக்குக் கிளம்பினார். அங்கே விமானம், கப்பல் மாடல் விற்கிற கடை ஒன்று இருப்பதாகப் பட்டறையில் யாரோ சொல்லியிருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் கார் கிடைக்கவில்லை, பைக்கில்தான் போனார். மத்தியானம் போன் வந்தது.

"கிடைச்சிடுச்சு! இருக்கிறதுலயே நல்லதா நாலு பாட்டில் வாங்கிட்டேன். ஒரு கோட்டு போதுமாம், அப்புறம் தண்ணியில போட்டு ஊற வச்சாக்கூட ஒண்ணும் ஆகாதாம். சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் அவளைத் தொடாம பார்த்துக்க."

"பார்த்துக்கறேன். நீங்க வந்து சேருங்க."

சாயங்காலம்வரை. அவ்வளவுதான். அத்தனை நாளில் முதல்தடவையாக அவளுக்கு மூச்சு நேராக வந்தது. வாலுவைக் கூடத்து நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள், எதிலும் சாயாதபடி. எதிரே தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கதை சொன்னாள். விடுகதை போட்டாள். பிள்ளையின் கை மூக்குக்குப் போகும்போதெல்லாம், "ஆங்!" என்று அதட்டினாள்.

அப்புறம் மழை வந்தது.

முதலில் ஜன்னல் தகரத்தில் ஒன்றிரண்டு சொட்டு. பிறகு சடசடவென்று ஒரே மூச்சாக ஊற்றியது. கூடத்துக்குள் மண் வாடையும் ஈரக் காற்றும் நுழைந்தன. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடத்தது. டியூப்லைட்டைப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம்தான், மழையின் வெள்ளை வெளிச்சம், எதிர்வீட்டுக் கம்பிக் கதவுகூடத் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கே வந்துகொண்டிருப்பார்? மழைக் கோட்டு எடுத்துப் போனாரா? நனைவாரா?

நனைவாரா.

போனை எடுத்து அழைத்தாள். மணி அடித்தது. அடித்தது. எடுத்தார்.

"எங்கயாவது ஒதுங்குங்க! நனையாதீங்க, சொல்றது கேக்குதா?"

"ஒதுங்கித்தான் நிக்கிறேன்." அவர் குரலில் சலிப்பு இருந்தது, பயம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "முழுக்க நனைஞ்சாச்சு. ஒரு மண்ணும் தெரியல. ஹெல்மெட்டைக் கழட்டிட்டேன், கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்க்கிறேன், அப்பவும் தெரியல."

"கசக்காதீங்க!"

"ரோட்டு விளக்கு ஒண்ணுகூடப் போடல பாரு. கடையில எல்லாம்கூட இருட்டு. என்ன, இவ்வளவு சீக்கிரம் ராத்திரி ஆயிடுச்சு?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கம்பிக் கதவில் மழைத்துளி மின்னியது.

"என்னங்க," என்றாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "என்னங்க."

போனில் மழைச் சத்தம். அதற்குள் வேறு யாரோ ஒருவரின் குரல், அருகில், தடுமாறி: "சார்... சார், உங்க மூஞ்சிக்கு என்ன ஆச்சு?" பிறகு ஏதோ விழுந்தது. பாட்டில் உடைகிற சத்தம். யாரோ ஓடினார்கள். லைன் அறுந்தது.

மறுபடி அழைத்தாள். மறுபடி. மறுபடி.

"அம்மா."

வாலு ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றாள்.

"உக்காரு. உக்காருடி."

"அப்பாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. வந்துட்டிருக்காரு. நீ உக்காரு."

"நீ அழறே."

"அழல."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" பிள்ளையின் உதடு பிதுங்கியது. "நீ என்னைத் தொடவே மாட்டேங்கிறே. பக்கத்துல வந்தா ஓடறே. நான் அசிங்கமா இருக்கேனா?"

"இல்லடி, என் தங்கமே. இல்ல. அழாதே. அம்மா சொல்றேன் பாரு, அழாதே, அழக் கூடாது."

வாலு அழுதாள். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. அது இறங்கிய வழியெல்லாம் சாம்பல் கோடு. கன்னத்தில் இரண்டு கோடு, மோவாய்வரை, நேராக. பிள்ளைக்கு அது தெரியவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றது.

எட்டடி தூரம் இருக்கும். நடுவில் நாற்காலி. அவள் பின்னால் நகர்ந்திருக்கலாம், நேரம் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், வேறு வழி ஏதாவது, விடிந்தால் வேறு கடை, வேறு ஊர். எல்லாம் மனதில் ஓடியது. பிள்ளை தேம்பியது. கை நீட்டியபடியே தேம்பியது.

நாற்காலியைத் தள்ளினாள். மண்டியிட்டாள். கையை விரித்தாள்.

வாலு வந்து விழுந்தாள். எப்போதும் செய்வதுபோல முகத்தை அம்மாவின் தோளில் புதைத்து, இப்படியும் அப்படியுமாகத் தேய்த்து, மூக்கை உறிஞ்சினாள். அத்தனை நாள் கழித்துக் கைக்குள் வந்த கனம். சூடு. தலைமயிரில் எண்ணெய் வாடை. அவள் இறுக்கிக் கட்டிக்கொண்டாள், விரல்கள் மரத்திருந்தும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தேம்பல் மெல்ல மெல்ல அடங்கியது. பிள்ளை பெருமூச்சு விட்டது.

"அம்மா."

"என்னடா கண்ணு."

"கரண்ட் போயிடுச்சா?"

தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

அவள் பிள்ளையை மெதுவாக விலக்கிப் பார்த்தாள். மூக்கு இருந்தது. உதடு இருந்தது, கேட்டுவிட்டுப் பதிலுக்காகத் திறந்தபடி. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எல்லாம் சாம்பல். இமைகளுக்கு நடுவே இரண்டு வழவழப்பான மேடுகள், ஒரு புள்ளிகூட இல்லாமல், அவள் முகம் இருக்கும் பக்கம் திரும்பிக் காத்திருந்தன.

"அம்மா? இருக்கியா?"

பதில் சொல்ல வாய் திறந்தாள். தோளில் ஏதோ அசைந்தது. மெல்ல, நைட்டித் துணிக்குள்ளேயே, ஒரு துடிப்பு. அவள் கழுத்தைத் திருப்பிக் குனிந்து பார்த்தாள்.

வெளுத்த துணியில் கன்னத்தின் நிறம் அப்பியிருந்தது. அதில் ஒரு புருவம். அதற்குக் கீழே, கோணலாக, இரண்டு கண்கள். ஈரமாக இருந்தன. டியூப்லைட் வெளிச்சத்தில் கூசி ஒரு தடவை மூடித் திறந்தன. அங்கும் இங்கும் தேடின. பிறகு மேலே உருண்டு, அம்மாவைப் பார்த்தன.